ஏழாம் எண் ஸ்பிரிங்

திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு தனியார் மைதானத்தில் கார்ப் பந்தயம். ஷெரின் ஓட்டிய வெள்ளைக் கார் கடைசி வளைவை முடித்து நேர்ப்பாதைக்கு வந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இரும்புச் சட்டியைச் சுத்தியலால் அடித்த மாதிரி நாலைந்து அடி. அப்புறம் ஒன்றுமே இல்லை. பானெட்டுக்கு அடியிலிருந்து புகை கிளம்ப, கார் தானாக உருண்டு வந்து நின்றது.

ஆன்றோ ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ஷெரின் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இறங்கியிருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லங்க. இன்ஜின்தான் போயிருச்சு."

மனைவிக்கு அடிபடவில்லை என்ற நிம்மதி வந்த மறுநிமிடமே அவன் பானெட்டின் பக்கம் திரும்பினான். அது அவன் கட்டிய இன்ஜின். அவனியாபுரத்தில் பட்டறை வைத்து, வேகத்துக்காக இன்ஜின்களை மாற்றிக் கட்டுவதுதான் அவன் பிழைப்பு. அவன் கட்டிய இன்ஜின் இதுவரை ஒன்றுகூட நடுவழியில் நின்றதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் பூசை முடிந்த கையோடு இருவரும் பட்டறைக்கு வந்து இன்ஜினைத் திறந்தார்கள். ஒரு வால்வு தலை ஒடிந்து பிஸ்டனுக்குள் செருகிக் கிடந்தது. அதன் ஸ்பிரிங் இரண்டு துண்டாகியிருந்தது.

ஆன்றோ அதையே பார்த்துக்கொண்டு நின்றான். வேறு எது உடைந்திருந்தாலும் மனம் ஒப்பியிருக்கும். இன்ஜின் மூச்சு விடுவது வால்வு வழியாக. திறந்த வால்வைக் கண்ணிமைக்கும் முன் இழுத்து மூடுவது ஸ்பிரிங். வேகம் கூடும்போது அது தளர்ந்தாலோ உடைந்தாலோ, ஏறி வரும் பிஸ்டன் வால்வை இடித்துவிடும். அதனால் ஸ்பிரிங் விஷயத்தில் அவன் ஒருவர் பேச்சையும் நம்புவதில்லை. இந்த இன்ஜினைக் கட்டும்போது பெட்டியில் அச்சடித்திருந்த அழுத்தக் கணக்கையும் நம்பவில்லை. இரண்டு இடத்திலிருந்து வரவழைத்து, ஒவ்வொன்றையும் கருவியில் வைத்து அழுத்திப் பார்த்தான். எல்லாம் ஒரே சீராக எந்தப் பெட்டியில் இருந்ததோ அதையே எடுத்தான். எது எந்த வால்வுக்கு என்று குழம்பிவிடக் கூடாதே என்று, மின்சாரப் பேனாவால் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் கம்பியிலும் எண்ணும் பொறித்தான்.

"விக்கிறவன் ஏமாத்திட்டான் ஷெரின். இரும்பே சரியில்ல," என்றான்.

ஷெரின் இரண்டு துண்டுகளையும் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்தாள்.

"ஏங்க, இது ஏழுதான?"

"ஏழாவது வால்வுதான். அதுக்கென்ன?"

"பாதி ஏழு இந்தத் துண்டுல இருக்கு. மீதி அந்தத் துண்டுல இருக்கு."

அவன் பூதக்கண்ணாடியை எடுத்தான். உடைந்த முகத்தில் ஒரு மூலை மட்டும் தேய்த்த கல் மாதிரி வழவழப்பாக இருந்தது; மற்ற இடம் சொரசொரப்பு. வழவழப்பு தொடங்கியது எண்ணின் கீறலில். ஸ்பிரிங் அமுங்கி எழும்போதெல்லாம் விரிசல் அங்கிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்திருக்கிறது. கம்பியில் குறை இல்லை. குறையைப் போட்டது அவன் கை.

ஆன்றோ உட்கார இடம் தேடினான். அதற்குள் இன்னொன்று நினைவுக்கு வர, உட்காராமலே நின்றுவிட்டான்.

"ஜெயபாண்டி அண்ணன் வண்டி," என்றான்.

நாகமலை புதுக்கோட்டையில் உர வியாபாரம் செய்கிறவர் ஜெயபாண்டி. போன மாதம்தான் அவர் காருக்கு இதே ஸ்பிரிங் போட்டு, இதே பேனாவால் எண் பொறித்துக் கொடுத்திருந்தான். போன் மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"சொல்லுங்க தம்பி. குடும்பத்தோட தேனிக்குப் போறேன், உசிலம்பட்டி தாண்டியாச்சு. வண்டி தேர் மாதிரி போகுது."

"அண்ணே, ஓரமா நிறுத்துங்க. காரணத்த அப்புறம் சொல்றேன், மொதல்ல நிறுத்துங்க."

"இன்னும் செத்த நேரத்துல கணவாய் வந்துரும். அங்கிட்டுப் போய்..."

"கணவாய்ல ஏறாதீங்கண்ணே. உங்க கால்ல விழுறேன்."

வெகுநேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. நிறுத்திவிட்டார்.

ஷெரின் வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்த காரை எடுத்தாள். எண் பொறித்துக் கொடுத்த மற்ற வாடிக்கையாளர்களுக்கும் ஆன்றோ வழியெல்லாம் போன் செய்து, வண்டியை எடுக்க வேண்டாம் என்றான். காளவாசல் நெரிசலில் மாட்டி, செக்கானூரணி கடந்து, அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஜெயபாண்டியின் மனைவி கனகலட்சுமி புளியமர நிழலில் மகளுடன் நின்றிருந்தாள். ஆன்றோ இன்ஜின் மேல் மூடியைக் கழற்றினான். எண்ணெயை வழித்துத் துடைத்து, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தை அடித்தான். காத்திருந்து, மறுபடியும் துடைத்துவிட்டு, வெள்ளைப் பூச்சு தெளித்தான். வெள்ளைக்கு மேலே, மூன்றாம் எண்ணின் குறுக்கே, ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது. மயிரிழை போல இருந்தாலும் கம்பியைப் பாதி சுற்றியிருந்தது.

தேனிப் பேருந்து ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு போனது.

"என்ன தம்பி இது?" என்றார் ஜெயபாண்டி.

ஸ்பிரிங் விற்றவன் தலையில் பழியைப் போட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒருகணம் வந்தது உண்மை. ஷெரின் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போட்ட கீறல்ணே. நம்பர் போடுறேன்னு நானே வெட்டி வச்சிருக்கேன்."

ஜெயபாண்டி கணவாய் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். ஆத்திரப்படுவார் என்று ஆன்றோ காத்திருந்தான். அவரோ மெதுவாக, "நீங்க நம்பர் போடுற வீடியோவப் பாத்துத்தான தம்பி நான் உங்க பட்டறைக்கே வந்தேன்," என்றார். "அத எம்புட்டுப் பேரு பாத்திருப்பாக?"

எத்தனை கவனமாக வேலை செய்கிறேன் என்று காட்ட, போன வருடம் ஆன்றோ போட்ட வீடியோ அது. போனைத் திறந்தான். கீழே வரிசையாகப் பாராட்டு. 'அண்ணே, நானும் இதே மாதிரி போட்டுட்டேன், செம ஐடியா.' 'எங்க கடையில இனிமே இதுதான்.' ஊர் பேர் தெரியாதவர்கள் நிறைய.

அழிக்கப் போன அவன் கையை ஷெரின் பிடித்தாள். "அழிச்சுட்டா பாத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அங்கேயே, திறந்து கிடந்த இன்ஜினுக்குப் பக்கத்தில் அவனை நிற்க வைத்து அவள் படம் பிடித்தாள். அவன் சிவப்புக் கோட்டை விரலால் காட்டி, "ஸ்பிரிங் கம்பியில யாரும் எதையும் பொறிக்காதீங்க. நான் சொன்னது தப்பு. பொறிச்சிருந்தா வண்டிய எடுக்காதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க," என்று சொல்லி முடித்தான். பழைய வீடியோவின் கீழேயே அதையும் போட்டார்கள்.

ஜெயபாண்டியின் காரை லாரியில் ஏற்றி மதுரைக்கு அனுப்பும் முன்பே அழைப்புகள் வரத் தொடங்கின. சிவகாசிக்காரர் ஒருவர் மறுநாள் பிரித்துப் பார்த்து, இரண்டில் விரிசல் என்று சொல்லிவிட்டு, காது கூசும்படி திட்டினார். ஆன்றோ கேட்டுக்கொண்டான். திட்டியவர்களுக்கும் திட்டாதவர்களுக்கும் புது ஸ்பிரிங் அனுப்பினான்.

ஓசூர்ப் பையன் ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கிப் பேசினான். "அண்ணே, நம்பர் பொறிச்ச அந்த வண்டிய நான் வித்துட்டேன்."

"யாருகிட்ட தம்பி?"

"புரோக்கர் மூலமாண்ணே. அவரு நம்பர் இப்ப வேலை செய்யல."

ஆன்றோ காரின் நிறத்தையும் பதிவெண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து, பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாக அந்தக் காரைத் தெரியுமா என்று யாராவது ஒருவருக்குப் போன் செய்கிறான். இன்னும் கிடைக்கவில்லை.