இரும்பில்லாத செருப்பு

"இரும்பே இல்லாத செருப்பு ஒன்னு குடு மாப்ள" என்று கேட்டுக்கொண்டே மாமா கடைக்குள் வந்தார். மத்தியான நேரம், நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மாமா என்றால் என் அக்காவின் கணவர். தோளில் அவருடைய கருவி. நீளக் கம்பு, அடியில் வட்டத் தட்டு, காதில் மாட்ட ஒரு ஹெட்போன். குடிநீர் அலுவலகத்தில் அவருக்கு அதுதான் வேலை. தார் போட்டு மூடிப்போன தெருக்களில் குழாய் வால்வுகளின் இரும்பு மூடி எங்கே கிடக்கிறதென்று தட்டை ஆட்டிக்கொண்டே நடந்து கண்டுபிடிப்பார். அவர் சாக்பீஸால் வட்டம் போட்ட இடத்தில் தோண்டினால் மூடி இருக்கும். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இப்போது அவர் தேடுவது மூடியை அல்ல, பெற்ற பிள்ளையின் காலில் இருந்த தகட்டை. இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அக்கா மகன் பைக்கிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தகடு வைத்து ஆணி முடுக்கினார்கள். நன்றாக நடக்க ஆரம்பித்ததும் நண்பர்களோடு கடலில் குளிக்கப் போனான். மற்றவர்கள் கரையேறினார்கள். படகு விட்டுத் தேடியவர்கள் கொஞ்ச நாளில் கை கழுவிவிட்டார்கள். உடல் கிடைக்கவில்லை. அக்கா மட்டும் "வருவான், என் பிள்ளை வருவான்" என்று ஒரே பிடியாக நின்றாள். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடமாட்டாள். கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

"தகடு கரையாது மாப்ள" என்றார் மாமா. "அத எடுத்துட்டுப் போய் உங்கக்கா கையில குடுத்துட்டா ஒரேயடியா அழுது தீத்துடுவா. இப்படி வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தா அவளுக்குப் பைத்தியம் புடிச்சிரும்."

"ரோட்டுல வச்ச மூடி வச்ச எடத்துல இருக்கும் மாமா. கடலு அப்படியா?"

என் பேச்சு அவர் காதில் ஏறவே இல்லை. கால் பிரச்சினைக்குத் தாவிவிட்டார். அலுவலகத்தில் கொடுத்த பூட்ஸோடு தண்ணீரில் இறங்கியிருக்கிறார். அதன் முனையில் இரும்புத் தொப்பி. தட்டு கால் பக்கம் வரும்போதெல்லாம் கருவி வீல் வீலென்று கத்தியிருக்கிறது.

"கடல்ல எறங்குன நாள்லேருந்து என் காலையே கண்டுபுடிச்சிட்டு இருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் இருவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

வெறுங்காலோடும் போக முடியாது. பாழாய்ப்போன சர்க்கரை அவர் பாதங்களை மரத்துப்போக வைத்திருந்தது. கண்ணாடி குத்தினாலும் தெரியாது. வீட்டுக்குள்ளேயே செருப்பில்லாமல் நடக்கக் கூடாதென்று டாக்டர் கண்டித்திருந்தார்.

கடையைக் கவிழ்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு ஜோடியாகத் தரையில் வைக்க, அவர் தட்டை மேலே ஓட்டினார். நடைப்பயிற்சி ஷூ, கயிறு கோக்கும் வளையத்தில் கத்தியது. தோல் செருப்பு, பக்கிளில் கத்தியது. பக்கிளே இல்லாத ஒன்று, இதில் என்ன இருக்கப்போகிறது என்று வைத்தேன், அதுவும் கத்தியது. அடித்தோலுக்கு நடுவே வளையாமலிருக்க ஒரு இரும்புப் பட்டை ஒளிந்திருந்தது. இத்தனை வருஷம் செருப்பு விற்கிற எனக்கே அது புதுச் செய்தி. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அலை அடித்து உள்ளே தண்ணீர் நிறைந்தால் அது ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரே வீட்டில் இரண்டு பேரைக் கடலுக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

கடைசியில் மேல் அலமாரியில் தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினேன். தண்ணீர் விளையாட்டுக்குப் போடுகிற மெத்தென்ற ரப்பர் ஷூ. கணுக்கால்வரை மூடும், அடிப்பாகம் கெட்டி, ஒட்டிப் பிரிக்கிற பட்டை. தட்டு அதன்மேல் போய் வந்தது. சத்தமில்லை.

"இதுல மண்ணு பூந்துரும் மாமா. அப்பப்ப கரைக்கு வந்து கழட்டி உதறணும். உங்களுக்கு உறுத்தாது, அதனால சொல்றேன்."

"சரி சரி" என்றார். அந்தச் "சரி"யை அப்போதே நான் நம்பவில்லை.

விடுமுறை நாட்களெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். வீட்டுக்குப் போகும் வழியில் கடைக்கு வந்து பையைக் கவிழ்ப்பார். சோடா மூடி, துருப்பிடித்த ஆணி, பாதி மூக்குக்கண்ணாடி, யாரோ தொலைத்த மோதிரம். மோதிரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஆணிகளை எடுத்து உற்றுப் பார்ப்பார். ஒருநாள் ஒரு தகடு கிடைத்தது. என்னிடம் நீட்டினார். ஏதோ படகிலிருந்து பெயர்ந்த பித்தளை. இல்லையென்று நான் தலையாட்டியதும் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து மண் கொட்டியது. கூடவே வாடை. காலுறை சிவப்பாக இருந்தது.

"என்னது இது?" என்று என்னைக் கேட்டார், வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி.

நனைந்த மணல் நாள் முழுக்க அரைத்து அரைத்துக் குதிகாலைத் தின்றிருந்தது. பழைய புண்ணும் இருந்தது, அதன்மேல் புதுசு. உதறினீர்களா என்று கத்தினேன். கருவியில் நல்ல சத்தம் வந்துகொண்டிருந்தது, அந்த இடத்தை விட்டு வந்தால் தவறிவிடும் என்று நினைத்தாராம். ஆஸ்பத்திரியில், புண் பரவிவிட்டதென்று முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அக்கா கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போர்வை தட்டையாகப் படிந்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த வாரம் அக்கா கடைக்கு வந்தாள்.

"அவருக்கு ஒன்னு எடுத்துக் குடுத்தியே, அதுல எனக்கு ஒரு ஜோடி குடுடா."

"உனக்கு எதுக்குக்கா?"

"அவரு இனிமே போக முடியாதுல்ல. பிள்ள அங்க தனியாக் கெடக்கான்."

இந்த ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வராதா என்றுதான் மாமா தண்ணீரில் நின்றார். வந்துவிட்டது.

"அப்ப வருவான், வருவான்னு சொன்னியே?"

"போன அன்னிக்கே தெரியும்டா. பெத்தவளுக்குத் தெரியாதா?" அவள் குரலில் அழுகை இல்லை. "அவன் போயிட்டான்னு நான் நம்பிட்டேன்னு சொன்னா இவரு தேடுறத விட்டுருவாரு. அதான் சொல்லல."

எனக்கு அவள்மேல் வந்த கோபத்தை எழுத முடியாது. அந்த மனுஷனின் காலை எடுத்தது மணலா, சர்க்கரையா, இவளா? கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியை இறக்கப் போனேன். அவளுடைய அளவில் ஒரு ஜோடி இருந்தது. மண்டியிட்டு மாட்டிவிட்டேன். எல்லோரிடமும் கேட்கிற மாதிரி "கடிக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள். "மண்ணு பூந்தா உதறணும், தெரியும்."

கழற்றச் சொன்னேன், கேட்கவில்லை. போட்டபடியே எழுந்து வாசல்வரை போனாள். அங்கே நின்று, தெருவில் போகிற பஸ்களைப் பார்த்தாள்.

"கடலுக்கு எந்த பஸ்ஸுடா போகும்?" என்று கேட்டாள். "நான் போனதே இல்ல."