ஐந்து களியும் இரண்டு ஓலை மீனும்

தபித்தாள் டீச்சரின் வேதாகமத்தில் சிங்கங்களுக்குப் பனங்கொட்டைத் தலை. சப்பிப் போட்ட கொட்டையைக் காயவைத்து நாரைச் சீப்பால் வாரிவிட்டால் பிடரி மயிர் தயார். தானியேலுக்குச் சோளத்தட்டை உடம்பு. எரிகோவின் மதிலைப் புளியங்கொட்டையால் அடுக்குவாள். பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்து ஓவென்று கத்தினால் அது பொலபொலவென்று சரிந்து விழும். மிஷனிலிருந்து வந்த வண்ணப் படங்களை ஒரே ஒரு ஞாயிறு காட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டன. அன்றோடு படங்கள் பெட்டிக்குள் போயின. கையால் செய்யாத கதை பிள்ளைகள் மண்டையில் ஏறாது என்பது அவள் கட்சி, அதில் அவளை யாரும் அசைக்க முடியாது.

பொம்மிடிக்குக் கிழக்கே ஒரு சின்ன வேதக்கோயில். அதையொட்டிய கூடத்தில்தான் அவளுடைய ஞாயிறு பள்ளி. ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். அதை யாரும் குறை சொன்னதில்லை. குறை சொல்ல என்ன இருக்கிறது? தொட்டதெல்லாம் மண்ணும் கொட்டையும்தானே. பெரியவர்கள் சங்கதி வேறு. கிறிஸ்தவர்களாகி இரண்டு தலைமுறை ஆகியும் அந்தச் சபையில் ஊர்த்தெரு முன்னால் உட்காரும், காலனி பின்னால் உட்காரும். திராட்சரசம் பருகும் இராப்போஜனப் பந்திக்குக் கிண்ணம் ஒன்றுதான். ஆனால் முன்னால் இருக்கிற வாய்களையெல்லாம் முடித்துக்கொண்டுதான் அது பின்னால் வரும். இதற்கு வேதத்தில் வசனம் கிடையாது. வசனம் இல்லாததைத்தான் மனிதர்கள் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

தபித்தாளும் காலனியில் பிறந்தவள்தான். சேலத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்து, ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவரைக் கட்டிக்கொண்டு, பொம்மிடி ஸ்டேஷன் பக்கம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தாள். அவளும் இத்தனை வருஷம் பின்னால் உட்கார்ந்து, கிண்ணம் வரட்டும் என்று காத்திருந்தவள்தான். அதை நினைத்தால் அவளுக்கே தன் மேல் எரிச்சலாக வரும்.

அறுபத்தாறாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஐந்து அப்பம், இரண்டு மீன் பாடத்துக்கு வழக்கமாக ஏரிக் களிமண்ணில் அப்பம் தட்டுவார்கள், பனையோலையில் மீன் முடைவார்கள். அந்த வருஷம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மண்கட்டியை இடித்து ஊறவைக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? தபித்தாள் யோசித்தாள். அப்பத்தை அந்தப் பிள்ளைகளில் ஒன்றும் தின்று பார்த்ததில்லை, களியோ தினமும் தின்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேழ்வரகு மாவைப் போட்டு, உப்புச் சேர்த்துக் களி கிண்டி, சட்டியோடு தூக்கிக்கொண்டு போனாள்.

பிள்ளைகள் கையை நனைத்துக்கொண்டு உருட்டின. அவள் கதையைச் சொன்னாள். பசியோடு இருந்த கூட்டம், கொஞ்சமாகக் கொண்டுவந்த சிறுபிள்ளை, அதை வாங்கி ஆசீர்வதித்துக் கொடுத்தவர். "இப்ப அவங்கவங்க உருட்டுனத பக்கத்துல இருக்கறவங்களுக்குக் குடுங்க" என்றாள். அதுதான் பாடம். காலனி மாதம்மா உருட்டியது ஊர்த்தெரு கிரேஸ் கைக்குப் போனது. கிரேஸ் அதைப் பார்த்தாள், மோந்தாள், வாயில் போட்டுக்கொண்டாள். அதைக் கண்டு மற்றதுகளும் ஆரம்பித்தன. சட்டி காலியானது, ஓலை மீன் இரண்டுதான் மிச்சம். தடுத்திருக்கலாம். அவளுக்குத் தடுக்கத் தோன்றவில்லை. பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

கிரேஸ் சபையின் செயலர் பெரியண்ணனின் மகள், ஐந்து வயது. வீட்டுக்குப் போனவள் மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டு, மாதம்மா உருட்டுகிற களிதான் வேண்டும் என்று அடம்பிடித்தாளாம். குட்டு அங்கே உடைந்தது.

சாயங்காலமே பெரியண்ணன் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். கோயில் கட்ட நிலம் கொடுத்த குடும்பம். காலனியில் பாதிப்பேர் அவருடைய மானாவாரிக் காட்டில்தான் கூலி வேலை பார்த்தார்கள். கத்துகிற மனிதர் இல்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்.

"மண்ணுல நீங்க என்ன வேணா பண்ணுங்க டீச்சர். சோத்துல வேணாங்க."

அதைவிட மரியாதையாக ஒருவரை அவமானப்படுத்த முடியாது. தபித்தாளுக்கு உச்சந்தலை வரை சுட்டது. மண்ணில் பிள்ளைகள் ஒன்றாக இருக்கலாம், மண்ணில் எல்லாம் பொம்மை. சோறு என்று வந்தால் நிஜம். இத்தனை வருஷம் தான் பொம்மைதான் செய்துகொண்டிருந்தோமா என்று அவளுக்குத் தோன்றியது.

புதன்கிழமை கமிட்டி கூடியது. தீர்மானம் அவள் வருவதற்கு முன்பே தயாராகத்தான் இருந்தது: இனிமேல் தின்கிற பொருளில் எதுவும் செய்யக்கூடாது, காலனிப் பிள்ளைகளுக்கு ஆராதனை முடிந்த பிறகு தனி வகுப்பு. சம்மதமில்லை என்றால் கூடத்துச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். தர்மபுரியிலிருந்து வந்திருந்த போதகர், கொஞ்சம் பொறுமையாகப் போகலாமே அம்மா என்று அவளிடம்தான் சொன்னார்; அவர்களிடம் சொல்லவில்லை. அவள் எழுந்து நின்றாள்.

"மாசாமாசம் இராப்போஜனப் பந்திக்கு அப்பம் தர்மபுரி அப்துல் ரஷீத் பேக்கரியிலதான் வாங்கியாறீங்க. அதப் பெசஞ்ச கை யாரு கைன்னு இங்க யாராச்சும் ஒரு நாளு கேட்டிருக்கீங்களா? மாதம்மா கைக்கு மட்டும் எதுக்கு விசாரணை?"

பெரியண்ணன் தீர்மான நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார். கேள்வி கேட்டதற்காக மனம் மாறிவிடுமா என்ன. தபித்தாள் முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். கூடம் இல்லாவிட்டால் என்ன, கோயிலுக்கு எதிரே புங்கமரம் இருக்கிறது, அது சர்க்கார் புறம்போக்கு, ஞாயிற்றுக்கிழமை அங்கே அடுப்பு மூட்டுவேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலனிக்குப் போனாள். பெரியண்ணன் காட்டில் கூலிக்குப் போகிறவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவே பயந்தார்கள். மாதம்மாவின் அம்மா ராமக்காள் மட்டும் முகத்துக்கு நேராகப் பேசினாள். "ஒங்களுக்கு மாசமானா ரயில்வே சம்பளம் வந்துருது டீச்சர். எங்களுக்கு அவுரு காட்ட வுட்டா வேற எங்க? எங்க புள்ளைங்கள வச்சு நீங்க சண்ட போடாதீங்க."

அந்த வார்த்தை தைத்தது. தைக்க வேண்டிய வார்த்தைதான். கமிட்டியில் பேசும்போது தன் அடுப்பு அணையாது என்கிற தைரியம் தனக்கு இருந்ததை தபித்தாள் மறுக்க முடியவில்லை. அவர்கள் ஏன் இப்படி ஒருவருடைய காட்டை நம்பிக் கிடக்க வேண்டும் என்று கோபம் கோபமாக வந்தது. ராமக்காள் மேல் அல்ல. வந்த வழியே திரும்பினாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சட்டியையும் துடுப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். யாரும் வராவிட்டால் தானே கிண்டித் தானே தின்றுவிட்டு வருவது, அவ்வளவுதான்.

அன்றைக்கு இராப்போஜனப் பந்தி ஞாயிறு. புங்கமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டித் தீ மூட்டினாள். கூடத்துக்குள் பெரியண்ணனின் மைத்துனர் குப்புராஜ், பெட்டியிலிருந்து எடுத்த வண்ணப் படங்களை ஊர்த்தெருப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். களி வெந்து மணம் கிளம்பியது. விரித்த பாய் வெறும் பாயாகவே கிடந்தது. தனியாகக் களி கிண்டுகிற பைத்தியக்காரியை வேடிக்கை பார்த்துக்கொண்டே சபையார் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவள் தலையை நிமிர்த்தியே வைத்திருந்தாள்.

காலனிப் பக்கத்திலிருந்து ராமக்காள் வந்தாள், மாதம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு. பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தது.

"எம்புள்ள கை பட்டா ஆகாதுன்னு பேசுனாங்களாம், நேத்துதான் கேள்விப்பட்டேன்" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "இதே கைதான் போன வருசம் எங்கூட நின்னு அவுரு காட்டுக் கேவுருக்குக் களை புடுங்குச்சு. அந்தக் கேவுர அவுங்க திங்கல? கூலி போனா போவுது டீச்சர். மாரண்டஹள்ளிப் பக்கம் போய்க் காய் பறிச்சாச்சும் பொழச்சுக்கறேன்." மாதம்மாவைப் பாயில் உட்காரவைத்துவிட்டு அவள் பின்னால் நின்றுகொண்டாள்.

படத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன கிரேஸ் கூடத்து வாசலில் எட்டிப் பார்த்தாள். மாதம்மாவைக் கண்டதும் ஒரே ஓட்டம். மாமன் கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை. பாயில் உட்கார்ந்து கையை நனைத்து, டீச்சர் ஆறவைத்துக் கொடுத்த களியை உருட்டி, போன வாரப் பாடத்தை மறக்காமல் பக்கத்தில் நீட்டினாள். மாதம்மா வாங்கித் தின்றாள். ஊர்த்தெரு கொடுத்துக் காலனி வாங்குவதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை.

அந்த நேரத்தில்தான் வெள்ளைச் சட்டையும் கையில் வேதாகமமுமாகப் பெரியண்ணன் வந்தார். மகளைப் பார்த்துப் பாயோரத்தில் நின்றார். மாதம்மா தன் உருண்டையை உருட்டி முடித்திருந்தாள். கிரேஸ் அடுத்ததை உருட்டுவதில் மும்முரமாக இருந்தாள், அவள் இரண்டு கையும் களி. மாதம்மா இந்தப் பக்கம் திரும்பினாள். இந்தப் பக்கம் நின்றவர் பெரியண்ணன். பக்கத்தில் இருக்கிறவருக்குக் கொடு என்பது பாடம். பிள்ளை எழுந்து, களி உருண்டையை அவரிடம் நீட்டினாள்.

கோயில் வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியண்ணன் கையை நீட்டவில்லை. போகவும் இல்லை. அந்தச் சின்னக் கை அந்தரத்தில் நின்றது. தபித்தாள் துடுப்பைக் கீழே வைத்தாள். கமிட்டியில் தான் பேசியது தன் தலையோடு போய்விடும். இது பிள்ளை, இத்தனை பேர் முன்னால் இந்தப் பிள்ளை ஏன் அவமானப்பட வேண்டும்? மெதுவாக அந்தக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கப் போனாள்.

"வுடுங்க டீச்சர்" என்றாள் ராமக்காள். குரல் உயரவில்லை. "கைய எறக்காத, மாது."

மாதம்மா இறக்கவில்லை. தபித்தாள் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

பெரியண்ணன் ராமக்காளைப் பார்த்தார். அவருடைய காட்டில் அவள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தவள். இப்போது அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை, அவர்தான் தாழ்த்தினார். "கிரேஸ், எந்திரி. போலாம்" என்றார்.

கிரேஸ் எழுந்தாள். அப்பா இன்னும் வாங்கவில்லையே என்று அவருக்காக ஒரு நொடி காத்திருந்து பார்த்தாள். பிறகு மாதம்மா கையிலிருந்த உருண்டையைத் தானே எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். ஐந்து வயதுத் தொண்டைக்கு அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் பெரியண்ணன், ஊரும் காலனியும் பார்க்க, மகள் விழுங்கி முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தார். விழுங்கி முடித்தவள் வரவில்லை. மறுபடியும் பாயில் உட்கார்ந்து கையை நனைத்தாள். அவர் தனியாகக் கோயிலுக்குள் போனார்.

நாளைக்கு ராமக்காளுக்கு அந்தக் காட்டில் வேலை இருக்குமா என்பது நாளைக்குத்தான் தெரியும். கூடத்து வாசலில் ஊர்த்தெருப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சற்றுத் தள்ளிப் புளியமரத்துக்குப் பின்னால் இவ்வளவு நேரம் ஒளிந்து பார்த்த காலனிப் பிள்ளைகளும் வெளியே வந்தன. ஆராதனை மணி அடித்தது. தபித்தாள் எழுந்திருக்கவில்லை. சட்டியைப் பாயின் நடுவில் இழுத்து வைத்தாள்.

"அடுத்தது யாரு உருட்டறது?" என்று கேட்டாள்.