சாம்பலரசன் சொல்லாத காரணம்

காலேஜ் பிள்ளைகள் வில்லன்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முனிகிருஷ்ணன் கையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிடுவான். பேசமாட்டான், கேட்டுக்கொண்டிருப்பான். அந்த விஷயத்தில் தனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது என்ற எண்ணமே அவனுக்குப் போதும்.

திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் அவன் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி வருவதில்லை. கிரண்குமாரும் தேவசேனாவும் வருவார்கள். கிரண்குமார் பலமனேர்ப் பையன், பாதித் தெலுங்கிலேயே பேசுவான். தேவசேனா நகரிக்காரி, வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் வளர்ந்ததால் மெதுவாகப் பேசவே வராது. இருவரும் ஹார்டு டிஸ்க் கொண்டுவந்து ஜப்பான் தொடர்களை மாற்றிக்கொள்வார்கள். எது காமிக்ஸில் நன்றாக இருந்து டிவியில் கெட்டுப்போனது, எது டிவியில் வந்த பிறகுதான் உயிர் பெற்றது என்று சண்டை போடுவார்கள்.

அன்று முனிகிருஷ்ணன் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான்.

"இன்னா அண்ணா, பொண்ணு பாக்கப் போறியா?" என்றாள் தேவசேனா.

"நைனா வராரு. சாயங்காலம் பம்பாய் வண்டி. ரேணிகுண்டா போகணும்."

நைனா என்று அவன் கூப்பிடும் அப்பா கிருஷ்ணப்பா சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனி லாரி ஓட்டியவர். பம்பாய்க்கு ஒரு லோடு ஏற்றிக்கொண்டு போனார். லாரியைக் கம்பெனி வேறு ஆளை அனுப்பித் திருப்பிக் கொண்டுவந்தது. அவர் வரவில்லை. அது நடந்து பத்து வருடம். இதை அவன் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. ஊரிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று அவர்களும் விட்டுவிட்டு, தங்கள் சண்டைக்குத் திரும்பினார்கள்.

"வில்லன்னா ஒரு காரணம் இருக்கணும் தேவி," என்றான் கிரண்குமார். "சின்ன வயசுல அவனுக்கு ஒரு கஷ்டம் வந்திருக்கணும். லேதண்டே எட்லா, இல்லன்னா எப்படி? சும்மா கெட்டவன்னா எவன் பாப்பான்?"

"போடா. எல்லாவனுக்கும் கடைசி எபிசோடுல ஒரு அழுகைக் கதை. ஊரையே கொளுத்துவான், அப்புறம் அவங்கம்மா செத்துட்டாங்கன்னு காட்டுவான், நீ உக்காந்து மூக்கை உறிஞ்சுவ. எனக்குப் புடிச்ச வில்லன் ஒருத்தன்தான். சாம்பலரசன். கடைசி வரைக்கும் காரணமே சொல்லாம சாவான் பாரு, அவன் வில்லன்."

முனிகிருஷ்ணன் தலையை உயர்த்தினான்.

"சொன்னானே," என்றான்.

"யாரு அண்ணா?"

"சாம்பலரசன். பையன் கேக்கறான் இல்ல, ஏன் என்னை விட்டுட்டுப் போனன்னு. அவன் காரணம் சொல்லுவான். என்னைத் துரத்தற பகை உன் வாசலுக்கு வரக்கூடாது, அதனாலதான் உன்கிட்ட ஒரு வார்த்தையும் சொல்லாம போனேன்னு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தேவசேனா சிரித்தாள். கேலிச் சிரிப்பில்லை, ஒரு நல்ல தப்பைக் கேட்டவர்களின் சிரிப்பு. "எந்த ஊர்ல அண்ணா பாத்த அத?"

சித்தூரில் பார்த்தான். பார்த்தது மட்டுமில்லை.

நைனா போன புதிதில், கேபிள்காரர் தாமோதரன் தன் சொந்தச் சேனலில் சாயங்காலம் 'சாம்பல் கோட்டை' போட்ட காலம் அது. சென்னையிலிருந்து அவர் மச்சான் வாங்கி அனுப்பிய சிடிகள். பேச்சு ஜப்பான் மொழி, அடியில் இங்கிலீஷ் எழுத்து. தெருப் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான். தாமோதரன் கண்ட்ரோல் ரூமில் ஒரு மைக்கை மாட்டி, படத்தின் சத்தத்தைக் குறைத்து, தெருவிலிருந்து இரண்டு பையன்களைப் பிடித்து உட்கார வைத்தார். ஒருவன் விஜயராகவன், இங்கிலீஷ் மீடியம். மற்றவன் முனிகிருஷ்ணன். அவன் தமிழ் மீடியம், அந்த எழுத்து ஓடும் வேகத்துக்கு அவன் கண் ஓடாது. ராகவன் படித்துக் காதில் சொல்வான், முனி மைக்கில் சொல்வான். ஹீரோவான ரென் என்ற பையனுக்கு முனியின் குரல், தெலுங்கில். சாம்பலரசனுக்கு ராகவன், தமிழில். "இன்னாய்யா, வில்லனுங்க மட்டும்தான் தமிழ் பேசணுமா?" என்று ஒரு தமிழ்க் கடைக்காரர் போன் போட்டுத் திட்டினார். சாம்பலரசனைத் தனக்கே வேண்டும் என்று ராகவன் கேட்டு வாங்கிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவன் இரும்பு முகமூடி போட்டவன். வாய் அசைவது தெரியாது. எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

கடைசி எபிசோடில் பனி கொட்டும் கோட்டை வாசலில், சாம்பலரசன்தான் தன் அப்பன் என்று ரென்னுக்குத் தெரிகிறது. அவன் கேட்கிறான். ராகவன் காதில் சொல்வதற்கு முன்பே முனிக்கு அந்தக் கேள்வி தெரிந்துவிட்டது. அத்தனை நாள் தெலுங்கு பேசிய ரென், அன்று தமிழில் கேட்டான்:

"ஏன் நைனா போன?"

ஊர் முழுக்க அது போனது. யாரும் போன் போட்டுத் திட்டவில்லை. படத்தில் ஒரு நீளமான மௌனம் இருந்தது, பனி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. பிறகு முகமூடிக்குள்ளிருந்து ராகவனின் குரல் வந்தது. பகை. வாசல். சொல்லாமல் போனது. முனி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டான்.

அதற்குப் பிறகு அவன் நைனாவைத் திட்டுவதை நிறுத்தினான். பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொன்னால் திருப்பிச் சொல்ல அவனிடம் ஒன்று இருந்தது. சொல்லமாட்டான், இருந்தது.

"இரு அண்ணா, அந்த எபிசோடையே போடறேன்," என்றான் கிரண்குமார்.

பத்து வருடத்தில் முனிகிருஷ்ணனுக்கு இங்கிலீஷ் படிக்க வந்திருந்தது. மதர்போர்டு புத்தகங்களைப் படித்துப் படித்து வந்த இங்கிலீஷ். அதே கோட்டை, அதே பனி. ரென் கேட்டான். எழுத்து வந்தது. பிறகு அந்த மௌனம். அதில் எழுத்தே இல்லை. கண்ட்ரோல் ரூமில் ராகவன் இடைவிடாமல் பேசிய அந்த நேரம் முழுவதும் முகமூடி சும்மா இருந்தது. மௌனம் முடிந்து ஒரே ஒரு வரி வந்தது.

நான் ஆற்றைக் கடந்தேன். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

அவ்வளவுதான். சாம்பலரசன் செத்தான்.

"பாத்தியா?" என்றாள் தேவசேனா. "இதுல போய் எவனோ காரணத்தை நுழைச்சிருக்கான். அவனுக்கு வில்லன் வேணாம் அண்ணா, நல்ல அப்பன் வேணும். பாவம்."

முனிகிருஷ்ணன் அந்த இடத்தை மறுபடியும் ஓட்டிப் பார்த்தான். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தான்.

விஜயராகவன் இப்போது பெங்களூரில் இருந்தான். இரவெல்லாம் அமெரிக்காக்காரர்களோடு பேசும் வேலை, பகலில் தூக்கம். தூக்கக் குரலில்தான் எடுத்தான்.

"இன்னாடா, நைனா வந்துட்டாரா?"

"சாம்பலரசன் இன்னாடா சொன்னான்?"

"எவன்?"

"கடைசில. பையன் கேட்டப்ப. அடியில இன்னா எழுதியிருந்தது?"

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது. ராகவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று தெரிந்தது.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"முனி, உன் மூஞ்சிய நீ பாக்கல, நான் பாத்தேன்டா. மைக்கைப் புடிச்சிக்கினு ஆடிக்கினு இருந்த. அந்த வரிய உன் காதுல நான் எப்படிறா படிப்பேன்?"

"படிச்சிருக்கணும்."

"ரெண்டு பேரும் சின்னப் பசங்கடா அப்போ."

"அப்புறம் பெரியவனா ஆகலையா நீ? எத்தனை தடவ சொன்னேன் உன்கிட்ட, சாம்பலரசன் மாதிரிதான்டா எங்க நைனான்னு. தலைய ஆட்டிக்கினே இருந்தியே."

"சொல்லும்போதெல்லாம் நீ நல்லா இருந்தடா. அத எப்படிப் புடுங்கறது?"

"எனக்குப் படிக்க வராதுன்னு நீயே எங்க நைனாவுக்கும் சேத்துப் பேசிட்ட."

ராகவனுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். குரல் உயர்ந்தது. "சரிடா, நான் பொய் சொன்னேன். உங்க நைனா இன்னா சொன்னாரு? போன்ல அவரே அதான் காரணம்னு சொன்னாருன்னு நீதானே குதிச்சிக்கினு சொன்ன? அப்போ நான் சொன்னது எங்க தப்பாப் போச்சி?"

முனிகிருஷ்ணன் போனை வைத்தான். கடைக்குள் அந்தப் பிள்ளைகள் வேறு ஏதோ தொடருக்குப் போயிருந்தார்கள்.

ரேணிகுண்டா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது நைனாவோடு பேசிய அந்த முதல் போன் பேச்சு முழுவதும் அவனுக்கு ஞாபகம் வந்தது. சில மாதங்களுக்கு முன், பம்பாயில் நைனாவைப் பார்த்த ஒரு சித்தூர் டிரைவர் நம்பர் கொண்டுவந்து தந்தார். அவன் போட்டான். "நான் முனி" என்றான். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்தது. கேள்வி கேட்க அவனுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும், அதனால் கேட்கவேயில்லை. "எனக்குத் தெரியும் நைனா. உன்னைத் துரத்தற பகை எங்க வாசலுக்கு வரக்கூடாதுன்னுதானே ஒரு வார்த்தையும் சொல்லாம போன?" என்றான். கொஞ்சம் பொறுத்து நைனா சொன்னது ஒரே வார்த்தை.

"ஆமா."

அந்த ஆமாவை எடுத்துக்கொண்டு அவன் சித்தூருக்குப் போனான். அம்மா சென்னம்மா அதே கூழ் கம்பெனியில் பழம் கழுவும் வேலைக்குப் போகிறவள். அவர் பேரை வீட்டில் எடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தாள். அவன் காரணத்தைச் சொன்னான். மாம்பழக் கறை பிடித்த கைகளை அவள் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "அவன் வாயால சொன்னானா?"

"ஆமாம்மா," என்றான் அவன்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் அவருக்குக் கதவைத் திறக்க ஒத்துக்கொண்டாள்.

வண்டி தாமதமாக வந்தது. கிருஷ்ணப்பா ஒரு தோள்பையோடு இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆள் இளைக்கவில்லை, நன்றாகச் சாப்பிட்ட உடம்பு. வழியில் எங்கும் அடிபட்டு வந்தவரைப் போல இல்லை. அதைக் கவனித்ததற்காக முனிகிருஷ்ணனுக்குத் தன்மீதே வெறுப்பு வந்தது.

"எம்மாம் ஒசரம் வளந்துட்ட!" என்று தோளைத் தட்டினார். "இன்னா துன்ற? வா, டீ சாப்பிடலாம்."

பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீயை ஊதிக்கொண்டே அவராகவே ஆரம்பித்தார், ரயிலில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவரைப்போல. "உங்கம்மாகிட்டயும் இதத்தான் சொல்லணும். என்னைத் துரத்தற பகை உங்க வாசலுக்கு வரக்கூடாதுன்னு பாத்தேன். அதான் ஒரு வார்த்தையும் சொல்லாம போயிட்டேன்."

கிட்டத்தட்ட ஒரு சொல்லும் மாறவில்லை. ராகவன் முகமூடிக்குப் பின்னாலிருந்து சொன்னது அப்படியே நைனாவின் வாயிலிருந்து வந்தது. இந்த முறை வாய் அசைந்தது.

"யாரு துரத்தனது நைனா?"

"ம்?"

"பகைன்னியே. எந்த ஊரு ஆளு? பேரு இன்னா?"

கிருஷ்ணப்பா அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திருட்டுத்தனம் இல்லை, உண்மையான குழப்பம்தான் இருந்தது. "நீதானப்பா சொன்ன," என்றார். "போன்ல. நீ சொன்ன, நான் ஆமான்னேன். நல்லாத்தான கீது அது?"

டீ கிளாஸைப் பெஞ்சின்மீது வைத்துவிட்டு முனிகிருஷ்ணன் சற்றுத் தள்ளிப்போய் நின்றான். கோபம் வரும் என்று பார்த்தான். வரவில்லை. உள்ளே தான் குடியிருந்த ஒரு வீட்டைத் தட்டிப் பார்த்து, அது படம் எடுப்பதற்குப் போட்ட அட்டைச் சுவர் என்று தெரிந்துகொண்டவன்போல இருந்தான். அந்த வீட்டுக்குள்தான் அம்மாவையும் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தான்.

அம்மாவுக்குப் போன் போட்டான்.

"வந்துட்டானா?" என்றாள். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"வந்துட்டாரும்மா." அவன் நிறுத்தினான். "அன்னிக்கு நான் சொன்னேன் இல்ல, அந்தக் காரணம். அவரு சொல்லலம்மா. நான்தான் சொன்னேன். அவரு ஆமான்னாரு. அவ்ளோதான்."

குக்கர் இன்னொரு முறை கத்தி அடங்கியது. அவள் அடுப்பை நிறுத்திய சத்தம் கேட்டது.

"உன்னை நம்பித்தான்டா சரின்னேன்," என்றாள் அம்மா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பான்.

"அம்மா..."

"அவனை பஸ் ஏத்தாத. அங்கயே நில்லுங்க. நான் வரேன்."

"நீ எதுக்கும்மா அவ்ளோ தூரம்?"

"கேக்கறதுக்கு. நான் இதுவரைக்கும் கேக்கவே இல்ல."

வைத்துவிட்டாள்.

அவன் திரும்பிவந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். சித்தூர் பஸ் வர நேரமாகும். பிளாட்பாரத்தில் விளக்கு போட்டார்கள். மொட்டையடித்த குடும்பம் ஒன்று லட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு அவர்களைக் கடந்து போனது.

"இன்னா சொன்னா அவ?" என்றார் கிருஷ்ணப்பா.

"வராங்க."

"இங்கயா? எதுக்கு?"

"ஏன் போனன்னு கேக்க."

கிருஷ்ணப்பா தோள்பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு, வழக்கமாக உதவி வரும் திசையைப் பார்ப்பதுபோல மகன் பக்கம் திரும்பினார்.

"நான் இன்னா சொல்லட்டும் முனி?"

முனிகிருஷ்ணன் தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இந்த முறை அவன் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.