நூறு கிலோமீட்டர் ஓடிய புது டயர்

"மெக்கானிக் இல்லையா?" என்று கேட்டபடி என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார் அவர். பின்னால் காற்றடிக்கும் மிஷின்தான் இருந்தது. இந்த டயர் கடைக்கு முதலாளி, மெக்கானிக் எல்லாமே நான்தான் என்றேன்.

கூட வந்திருந்த அவர் மகளுக்குத் திங்கட்கிழமை முதல் வேலை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஹைவேயில் போக வேண்டும். அதற்குத்தான் அப்பாவின் பைக். "டயர மட்டும் ஒரு தடவ பாத்துடுங்கக்கா," என்றாள்.

"பாக்க என்ன இருக்கு? ஒம்பது வருஷத்துல ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல. பட்டன் அப்படியே இருக்கு," என்றார் அப்பா.

சும்மா சொல்லக்கூடாது, ரோட்டைப் பிடிக்கிற அந்த ரப்பர் பட்டன் தேயவே இல்லை. டயரின் பக்கவாட்டில் வாராவாரம் கறுப்பு பாலிஷ் வேறு போடுவாராம். எனக்கு அந்த பாலிஷைக் கண்டுபிடித்தவன் மேல்தான் எரிச்சல் வந்தது. சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினேன். குதிகாலில் பித்தவெடிப்பு மாதிரி சுற்றிலும் கீறல்.

"ஓடவே இல்லையேம்மா, அது எப்படி வெடிக்கும்?"

"நிறுத்தியே வெச்சாலும் ரப்பருக்கு வயசாகும் சார். டயர் பக்கவாட்டுல இருக்கற இந்த நாலு நம்பரப் பாருங்க. முதல் ரெண்டு, செஞ்ச வாரம். கடைசி ரெண்டு, வருஷம். இதோட ஹைவேல எம்பது ஸ்பீடுல போனா எப்ப கவுத்துவிடும்னு சொல்ல முடியாது."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மகளை ஒரு தடவை பார்த்தார். "ரெண்டையும் மாத்திடுங்க."

அந்த நாலு நம்பரைச் சொல்லிக் கொடுத்து நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையிலிருந்த டயரையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்துவிட்டார். ஆறு மாதம் ஆனதெல்லாம் பழசாம். ஒரு அகலமான டயர் அவருக்கு எடுப்பாகத் தெரிந்தது. வண்டிக்குச் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது என்று பிடுங்கி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து, செய்து ஏழு வாரமே ஆன ஒரு ஜோடி தேறியது.

மாட்டி முடித்ததும் எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன். "புது டயர் வழுக்கும். முதல் நூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டணும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் அவர் மட்டும் வந்தார். வண்டியிலிருந்து இறங்கியவரால் நேராக நிற்க முடியவில்லை.

"நூறு ஓட்டியாச்சும்மா. சரியா இருக்கான்னு பாருங்க."

"ஹைவேல போயிட்டு வந்தீங்களா?"

"இல்ல. எங்க தெருவையே சுத்தினேன். நூத்தி அறுபத்தேழு ரவுண்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹைவேல ஒரு நடை போய்ட்டு வந்தா முடிஞ்சிருக்குமே சார்!"

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு வண்டி ஓட்டப் பயம்மா. வாங்கின மாசத்துலேருந்தே பயம். வீட்ல யாருக்கும் தெரியாது. அவ நாளைக்குத் தனியா அந்த ரோட்டுல போகப்போறா."

என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. காற்றைப் பார்த்தேன், சரியாக இருந்தது. இன்னொரு முறை பார்த்தேன். அவர் நகரவில்லை.

"எத்தன மணிக்குக் கிளம்புறா?"

"ஆறு மணிக்கு."

"அஞ்சே முக்காலுக்குக் கூட்டிட்டு வாங்க. இன்னொரு தடவ பாத்து அனுப்பலாம்," என்றேன்.

என் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்.