வளைந்த ஆக்ஸில்

தலையணை உறையை மறுபடியும் துவைத்துக் கொடியில் போட்டாள். கறை போகவில்லை. கட்டை விரல் அகலத்துக்குக் கறுப்பாக அப்படியே இருந்தது. எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. புருஷன் போனதிலிருந்து யோசிக்கிற வேலையையே விட்டிருந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். படு என்றால் படுத்தாள். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

"அண்ணி, அவசரம் வந்திருக்காரு!" வாசலிலிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தான்.

அவசரம் என்பது பட்டறைக்காரரின் பட்டப்பெயர். அவரிடம் கேட் ஒன்றை ரிப்பேருக்குக் கொடுத்தால், அது திரும்பி வருவதற்குள் வீட்டையே விற்றுவிடலாம் என்பார்கள். ஆனால் வேலை சுத்தமான வேலை.

ஷெட்டில் டிரெய்லர் நின்றது. கட்டட வேலைக்குச் சாரக் குழாய்களை வாடகைக்கு ஏற்றிப் போகிற வண்டி. மூடியில்லாத சாக்கடைப் பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கியதில் ஆக்ஸில் வளைந்துபோயிருந்தது. அந்தச் சக்கரம், தோளில் சாய இடம் தேடும் குடிகாரன் போல, உள்பக்கம் சாய்ந்திருந்தது.

அதை வைத்துத்தான், புருஷன் போன அன்றைக்குக் காலையில், இரண்டு பேருக்கும் சண்டை.

"தட்டி நிமித்திடலாம்" என்றார் அவர்.

"மாத்துங்க. பாரத்தோட பாலம் ஏறி இறங்குற வண்டி. ஒரு தடவ மடங்கின இரும்ப நம்ப முடியுமா?"

"நீ என்ன பெரிய இன்ஜினியரா?"

"நீங்க என்ன இரும்பா? இரும்பாவது பள்ளத்துல விழுந்தா வளையுது. நீங்க எதுக்கும் வளைய மாட்டேங்கறீங்க!"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஷெட்டுக்குப் போனார். மத்தியானம் வந்தார். கை கழுவினார். அவள் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பசித்தால் தானே எழுந்து வரட்டும் என்று அவளும் வீம்பாகக் கூப்பிடவில்லை. சாயங்காலம் டீயோடு போய்த் தோளைத் தொட்டபோது ஆள் இல்லை. உடம்புதான் இருந்தது.

அவசரம் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். வெற்றுத் தாடையைச் சொறிந்தார்.

"சங்கிலி கட்டி ஜாக்கி கொடுத்தா நிமிந்துடும் தங்கச்சி. ஆனா எவ்வளவு நாளைக்குன்னு கேக்காத. புதுசு போட்டா நிம்மதி. என்ன பண்ணலாம், நீ சொல்லு."

"இதுல அண்ணி சொல்ல என்ன இருக்கு?" கொழுந்தன் முந்திக்கொண்டான். "நிமித்தணும்னு அண்ணனே சொல்லிட்டாரு. கடைசியா சொன்ன வார்த்தை. அதையாவது காப்பாத்துவோம். என்ன அண்ணி?"

இனி அந்த வண்டியை ஓட்டப்போவது அவள்தான். பாலத்தின் சரிவில், முதுகுக்குப் பின்னால் குழாய்கள் கடகடக்க, அந்த இரும்பை நம்பி இறங்கப்போவதும் அவள்தான். நிமிர்த்தியது நிற்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் செத்தவரிடம் சண்டை போட்டு ஜெயித்து என்ன செய்ய? அதற்குக் கோப்பையா கொடுக்கப்போகிறார்கள்?

"சரி" என்றாள். மூச்சு வருகிற மாதிரி வந்தது அது.

அவசரம் சங்கிலியை இழுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்தார். சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று கொழுந்தன் எட்டிப் பார்த்தபோது, கறுத்துப்போன கை ஒன்று மெதுவாக வெளியே நீண்டது.

"ஆக்ஸிலப் பிடிச்சிருக்கிற யூ போல்ட் நட்டுக்கெல்லாம் எண்ணெய் விட்டது யாரு?"

"நான் இல்லண்ணே" என்றான் கொழுந்தன்.

"துணி வேற சுத்தி ஊற வெச்சிருக்கு. அத்தனை நட்டுக்கும்."

ஒரு துணிச் சுருளை வெளியே எறிந்தார். அவள் எடுத்தாள். கிழித்த பனியன். கழுத்தோரம் அவளே போட்ட தையல்.

"ஊற வெச்சா என்னண்ணே இப்ப?"

"அட, நிமித்தறதுன்னா நட்டை யாருப்பா தொடப்போறா? ஆக்ஸில் அது பாட்டுக்கு வண்டியிலயே இருக்கும். துருப்பிடிச்ச நட்டை ஊற வெக்கிறதே கழட்டத்தான். உங்கண்ணன் இதை மாத்தத்தான் நெனச்சிருக்கான்."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட 'நீ சொன்னது சரி' என்று அவர் வாய் திறந்ததில்லை. சமையலறைக் குழாயை இடம் மாற்றச் சொன்னபோது வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அவள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் குழாய் இடம் மாறியிருந்தது. ஆசாமி வெளியே போய்விட்டார். அவருடைய 'சரி' அப்படித்தான் வரும்.

அன்றைக்கும் வந்திருக்கிறது. கை கழுவியும் போகாத எண்ணெயோடு, தலையணையில் விரலைப் பதித்து, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது.

"மாத்திடுங்கண்ணே" என்றாள்.

"புதுசா?"

"புதுசு."

அவசரம் ஸ்பேனரை மாட்டி அழுத்தினார். முரண்டு பிடிக்க வேண்டிய நட்டு, கிரீச்சென்ற சத்தம்கூட இல்லாமல் சுற்றியது.

"வாயத் தெறந்து சொல்லியிருந்தா சாப்பிடக் கூப்பிட்டிருப்பேன்ல?" என்றாள் அவள், நட்டைப் பார்த்து.

கொழுந்தன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்கு அழுகை வரவில்லை. கொடிக்குப் போய்த் தலையணை உறையை எடுத்தாள். இன்னும் காயவில்லை. அப்படியே உள்ளே கொண்டுபோய், கறை மேல்பக்கம் வருகிற மாதிரித் தலையணையில் மாட்டினாள்.

ஈரம் விரல்களில் சில்லென்று ஏறியது. குளிர்ந்தது அவளுக்குத் தெரிந்தது.