சந்தி வரைக்கும்

"இதுல இரிங்க வாப்பா" என்று கெஞ்சியபடி பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள் நப்லா. வாப்பா ஜவுபர் அதில் உட்காரவில்லை. ஒரு கையை நெஞ்சில் வைத்து, மறு கையை மச்சான் அதாவுல்லாவின் தோளில் போட்டு, ஒடுங்கிய ஒழுங்கையை மறித்துக் கட்டியிருந்த கலியாணப் பந்தலுக்குள்ளால் நடந்தார். விடிந்து கொஞ்ச நேரம்தான். அந்தக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

அடுத்த வளவு காலிதீன் வீட்டில் அன்றைக்குக் கலியாணம். வந்த வினையே அதுதான். நப்லா அம்புலன்ஸுக்கு அடித்து விலாசம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜவுபர் போனைப் பறித்து, உள்ளே வர வேண்டாம், சந்தியில் நிற்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு அம்புலன்ஸ் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து செத்தவரின் மையத்துக் கொண்டுவரும் வண்டி. அது கலியாண வாசலில் வந்து நின்றால், பொண்ணுக்குப் பிள்ளை பிறந்து பேரப்பிள்ளை பிறந்த பிறகும் அதைச் சொல்லிக் காட்டும் ஊர்.

"நம்மளால அந்தப் புள்ளைக்கு ஒரு பேச்சு வரப்படா. சந்தி வரைக்கும்தானே, நடப்பன்" என்றார்.

நெஞ்சு நோவோடு நடப்பது எவ்வளவு ஆபத்து என்று நப்லா படித்திருந்தாள். முதலுதவி வகுப்பு முடித்து, அம்புலன்ஸில் வேலை செய்ய விண்ணப்பித்து, மறுநாள் அம்பாறையில் அவளுக்கு நேர்முகப் பரீட்சை. நடந்தால் இதயம் தாங்காது என்று மாமா அதாவுல்லாவிடம் சொன்னாள். வாப்பா சொன்னால் சொன்னதுதான், வாயை மூடிக்கொண்டு வா என்றார் மாமா. அவளும் வந்தாள், கதிரையைத் தூக்கிக்கொண்டு.

சந்தி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் ஜவுபர் மடங்கி விழுந்தார். அம்புலன்ஸ் வரும்வரை மண்ணில் முழங்காலூன்றி நப்லா அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தாள். வந்தவர்கள் அவளைத் தோளில் தொட்டு விலக்கிவிட்டுத் தாங்கள் அமுக்கினார்கள். பிறகு அவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதுவரை வீடு நிறையச் சனம், எல்லாருடைய வாயிலும் ஒரே கதை: எப்படிப்பட்ட மனிதர், மௌத்தாகும் நேரத்திலும் இன்னொருவருக்குக் கரைச்சல் கொடுக்கவில்லை. காலிதீன் வாசல் படலையில் நின்று சிறுபிள்ளை மாதிரி அழுதார். மைக் போடாமல் நிக்காஹை முடித்துவிட்டு, கலியாணச் சோற்றை மையத்து வீட்டுக்கு அனுப்பினார். நெய்ச்சோற்றை நப்லா தள்ளி வைத்தாள். கரைச்சல் கொடுத்திருந்தால் என்ன? ஒரு கலியாணம் கெட்டால் கெட்டுப் போகட்டும், மனிதர் இருந்திருப்பாரே. இவர்கள் புகழப் புகழ அவளுக்குப் பற்றி எரிந்தது.

முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். பொம்பிளைகள் எல்லாரும் அழுதார்கள், அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. வெள்ளைக் கபன் துணிக்குள் தெரிந்த அந்தச் சாந்தமான முகத்தைப் பார்த்து மனதுக்குள் ஏசினாள். ஊரிடம் நல்ல பேர் வாங்கிவிட்டீர்கள், சந்தோசமா? எங்களைப் பற்றி யோசிக்க உங்களுக்கு நேரமில்லையா? அதற்குள் மையத்து வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அவள் அபாயாவை மாட்டிக்கொண்டு சான்றிதழ்களோடு புறப்பட்டபோது மாமா வாசலை மறித்தார். கபுறு மண் காயவில்லை, ஊர் என்ன சொல்லும், அந்த வேலை இல்லாமல் என்ன பட்டினியா என்று அடுக்கிக்கொண்டே போனார். புருசனை இழந்தவள் வெளியே வராமல் இத்தா இருக்கும் அறைக்குள்ளிருந்து, தன் அண்ணனுக்கு உம்மாவின் குரல் வந்தது. முதல் நாள் முழுக்க அழுது கரகரத்துப் போன குரல்.

"தடுக்க வேண்டிய நேரம் தடுக்கல்ல காக்கா. இப்ப தடுக்காதீங்க."

மாமா விலகினார்.

நேர்முகத்தில் மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒரு சிங்கள டொக்டர் அம்மா, பக்கத்தில் தமிழில் கேட்பதற்கு நரைத்த தலையோடு பாக்கியராசா என்ற அதிகாரி. வீட்டில் நடந்ததை நப்லா சொல்லவில்லை. இரக்கப்பட்டுத் தரும் வேலை அவளுக்கு வேண்டாம். ஏன் இந்த வேலை, இரவு ஷிப்ட் முடியுமா, இரத்தம் கண்டால் பயமா என்றெல்லாம் கேட்டார்கள். பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னாள். பாக்கியராசா சிங்களத்தில் சொல்லச் சொல்ல டொக்டர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

"சரி, நெஞ்சு நோவுக்காரர் ஒராள். நல்ல நினைவோட இருக்கார். ஸ்ட்ரெச்சர் வேணாம், நடந்தே வாறன் எண்டு பிடிவாதம். என்ன செய்வீங்க?"

நப்லா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சட்டைப்பையிலிருந்து எடுப்பது போல எடுத்துவிட்டார் கேள்வியை. அதற்கு விடை அவளுக்குத் தெரியும், வகுப்பில் எழுதி முழுப் புள்ளியும் வாங்கியிருந்தாள்.

"விளங்கப்படுத்துவன் சேர். நடந்தா என்ன நடக்கும் எண்டு சொல்லுவன். நினைவோட இரிக்கிற ஆள, சம்மதம் இல்லாமத் தூக்க ஏலா."

"அப்பவும் கேக்கல்ல எண்டா?"

மேலிடத்துக்கு அறிவிப்பேன் என்று முடித்திருக்கலாம். வேலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் நேற்றிலிருந்து உள்ளே கிடந்தது முந்திக்கொண்டது.

"வாசல்ல குறுக்க படுப்பன்."

பாக்கியராசா பேனையை வைத்தார். அப்படி ஒரு விதி இல்லையே மகள் என்றார், தன்மையாகத்தான்.

"இல்லதான் சேர். பின்னால நிண்டு கெஞ்சினா நடப்பாங்க. குறுக்க படுத்தா ஒரு வாப்பாவும் மகளத் தாண்டிப் போகமாட்டார்."

என்ன சொன்னாள் என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். பாக்கியராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் நெடுநேரம் துடைத்தார். வெளியே யாரோ அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒருவரும் அவளைப் போகச் சொல்லவில்லை.