சாப்பிட்டாச்சு

மகன் கட்டிக்கொண்டவள் ஸ்பானிஷ்காரி. அவர்கள் வீட்டுக்கு முதல்முறையாக வந்திறங்கிய மாமியார், மகன் வேலை விஷயமாக வெளியூர் கிளம்பும் முன்பு அவனைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"சாப்பாட்டு நேரத்துல அவகூட பேச நாலு வார்த்தை சொல்லிக் குடுடா."

"'கொமெமோஸ்?'னு கேட்டா, சாப்பிடலாமான்னு அர்த்தம். நீ 'சீ'ன்னு சொன்னா போதும். சரின்னு அர்த்தம்."

"எடுத்த எடுப்புல மருமகளைப் பார்த்து சீன்னா சொல்லுவாங்க? சாப்பிட்டாச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"'யா கொமி.' அது எதுக்கும்மா உனக்கு?"

எதுக்கா? கூப்பிட்டதும் போய் உட்கார்ந்தால், சோற்றுக்கு அலைகிறாள் என்று நினைக்க மாட்டாளா? முதலில் வேண்டாம் என்பது, அவள் வற்புறுத்துவது, மறுபடியும் வேண்டாம் என்பது, கையைப் பிடித்து இழுத்தபின் "உனக்காக ஒரு வாய்" என்று உட்காருவது. அதுதானே மரியாதை.

மகன் போனான். மதியம் மருமகள் கேட்டாள். மாமியார் சிரித்த முகமாக "யா கொமி" என்றாள். மருமகள் தலையசைத்துவிட்டு, மேசையில் வைத்திருந்த இரண்டு தட்டுகளில் ஒன்றைத் திரும்ப எடுத்து வைத்தாள். அவ்வளவுதான். இரண்டாம் தடவை கேட்க நாதியில்லை. கூடத்தில் உட்கார்ந்து மாமியார் கறி வாசனையை முகர்ந்துகொண்டிருந்தாள். ராத்திரியும் அதே கதை. அப்போதாவது சரி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வீம்பு விட்டால்தானே!

மறுநாள் காலை மருமகள் கடைக்குக் கிளம்பியதும், வயிறு மாமியாரை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனது. பாத்திரத்தில் நேற்றைய கறி மிச்சம் இருந்தது. தட்டில் போடக்கூடப் பொறுமையில்லாமல், நின்றபடியே கையை விட்டு அள்ளி அள்ளித் தின்றாள். பையை மறந்து திரும்பி வந்த மருமகள் அதைப் பார்த்துவிட்டாள். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

மருமகள் கண் கலங்க, புருஷனுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு அதை மாமியாரிடம் நீட்டினாள்.

"என்னம்மா இது? அவகூட ஒரே மேசையில உக்கார உனக்குப் பிடிக்கலையான்னு கேக்கறா. நேத்து உனக்காகத்தான் சமைச்சாளாம்."

திருட்டுத்தனமாகத் தின்று பிடிபட்டதுகூடப் பெரிதில்லை. இதைக் கேட்டதும்தான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நான் எடுத்துச் சொல்லட்டுமா?"

"வேணாம். பசிக்குதுன்னு எப்படிச் சொல்றது? அதை மட்டும் சொல்லு."

"தெங்கோ ஆம்ப்ரே."

அதைத் தமிழில்கூட அவள் யாரிடமும் சொன்னதில்லை. கட்டின புருஷனிடமே சொன்னதில்லை. தன் மாமியாரிடம் சொன்னாளா என்று கேட்கவே வேண்டாம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மருமகள் கறியைச் சுடவைத்து, எதிரெதிரே தட்டு போட்டாள். மாமியார் தலை நிமிராமல் சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி தன் பக்கம் வந்தபோது, பழக்கதோஷத்தில் கை தட்டை மறைக்கப் போனது. பாதியில் நிறுத்தி, தட்டை நீட்டினாள்.